பெட்டிக்குத்தான் காசு

‘குப்பை’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தெருமுனைத் தொட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பது, காலையில் வரும் வண்டியின் மணிச் சத்தம். இதெல்லாம்தானே? பழந்தமிழில் குப்பை என்றால் வெறும் குவியல். நல்லதா, கெட்டதா என்ற பேச்சே கிடையாது. நெல்லைக் குவித்து வைத்தால் அது நெற்குப்பை.

அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் வட்டம், பொன்னமராவதிக்குப் பக்கம். பயண நூல்களும், மாவட்டம் மாவட்டமாகத் தமிழ்நாட்டைப் பற்றிய நூல்களும் எழுதிய சோமலெ 1921-ல் பிறந்தது இந்த நெற்குப்பையில்தான். அங்கே நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய் இறங்கிவிட்டேன். செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முகப்பில் நுழைந்தால், வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி, பின் தெருவில் போய் முடியும். வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கிற வீடு. கல்யாணம், படைப்பு என்றால் மட்டும் விளக்கு எரியும்.

இரண்டாங்கட்டில் ஒரு தூணில் சாய்ந்தபடி நண்பரின் பேரன் உட்கார்ந்திருந்தான். மகள் வயிற்றுப் பேரன். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். வீடு முழுக்க வாழை மரமும் தோரணமுமாக அல்லோலகல்லோலப்பட, இவன் முன்னால் மட்டும் லேப்டாப், ஸ்க்ரூ டிரைவர், வயர்கள், முதுகு திறந்த ஒரு வைஃபை ரவுட்டர்.

“என்ன தம்பி, ரிப்பேரா?”

“இல்லை சார். இதுக்கு உயிர் இருக்கு. ஆனா உடம்பு போயிடுச்சு. உயிரை மட்டும் வெளியே எடுக்கிறேன். காலேஜ் ப்ராஜெக்ட்” என்றான்.

கல்யாண வீட்டில் இப்படி ஒரு பதில் வந்தால் சும்மா போக முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். ரவுட்டர் என்பதும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். அதன் மூளைக்கு வேலை சொல்லித்தரும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். எட்டுக்கால் பூச்சி மாதிரி எட்டுக் கால்களோடு பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன சிப்பில் அது குடியிருக்கிறது. காரைக்குடியில் பழைய சாமான் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய ரவுட்டர் அது. மின்சாரம் கொடுத்தால் விளக்குகூட எரியவில்லை. ஆனால் அந்தச் சிப் கெடவில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கருவியின் கிளிப்பை அதன்மேல் கவ்வவிட்டு, உள்ளே இருந்த மொத்தத்தையும் ஒரே ஃபைலாக லேப்டாப்பில் இறக்கிவிட்டான். பதினாறே எம்.பி. உங்கள் செல்போன் எடுக்கிற நாலைந்து போட்டோவின் அளவு.

அந்த ஃபைலைப் பிரித்தால் அடுக்குகள் தெரிகின்றன. முதலில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற ஒரு சிறு நிரல். அடுத்து லினக்ஸின் கரு. அதற்குப் பின்னால், இறுக்கிச் சுருக்கிய பாய் மாதிரி, எல்லா நிரல்களும் அடங்கிய ஒரு மூட்டை. கடைசியில், அந்த வீட்டுக்காரர் செய்துகொண்ட அமைப்புகள்.

இனிமேல்தான் வித்தை. கம்ப்யூட்டருக்குள்ளே நிஜத்தில் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரை மென்பொருளாலேயே உண்டாக்க முடியும். வர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். ஐ.பி.எம். தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக 1972-லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-ல் வெளியிட்ட ‘க்யூஇஎம்யூ’ என்ற இலவச மென்பொருள், ஒரு ஜாதிக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஜாதிக் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும். பேரன் அதைத்தான் வைத்திருந்தான். மூட்டையைப் பிரித்து, காலியான ஒரு ஃபைலை ஹார்ட் டிஸ்க் மாதிரி பாவித்து, அதற்குள் எல்லாவற்றையும் அதே வரிசையில் அடுக்கினான். இதுதான் டிஸ்க் இமேஜ். பழைய லினக்ஸ் கரு பழைய பலகையைத் தேடி அடம்பிடிக்கும் என்பதால், இந்தப் பொய்ப் பலகைக்கு ஏற்ற கருவை மாற்றி வைத்தான். உள்ளே இருக்கும் நிரல்கள் ‘என் முகவரி என்ன, என் பெயர் என்ன?’ என்று பழைய சிப்பைக் கேட்குமாம். அதற்குப் பதில் சொல்ல ஒரு போலிச் சிப். அது சொல்லவேண்டிய பதில்களாக, அந்த வீட்டுக்காரரின் அமைப்புகளையே கொடுத்தான்.

பொத்தானைத் தட்டினான். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. கொஞ்ச நேரத்தில் பிரவுசரில் ரவுட்டரின் முதல் பக்கம் வந்து நின்றது, பாஸ்வேர்டு கேட்டபடி. பெட்டி என்னவோ ஆத்தங்குடிக் கல்மேல் செத்துக் கிடந்தது. உள்ளே இருந்தது, தான் செத்ததே தெரியாமல், இன்னும் யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் அலமாரிமேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை பார்த்தது.

கூடு விட்டுக் கூடு பாய்வது என்று கதைகளில் கேட்டிருக்கிறோமே, இதுதான் அது என்று எனக்குப் பட்டது. திருமூலர் கதை உங்களுக்குத் தெரியும். சாத்தனூரில் மூலன் என்கிற மாடு மேய்ப்பவன் இறந்து கிடக்கிறான். மாடுகள் சுற்றி நின்று கண்ணீர் விடுகின்றன. மனம் பொறுக்காத யோகி அவன் உடலுக்குள் புகுந்து எழுகிறார். சாயங்காலம் மாடுகளை ஊருக்கு ஓட்டி வருகிறார். மூலனின் மனைவி ஆசையாகக் கிட்டே வர, ‘உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று ஒதுங்குகிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். இந்தக் கதையை எப்போதும் யோகியின் பக்கமிருந்தே கேட்டிருக்கிறோம். அந்தப் பெண்ணின் பக்கம் நின்று யோசித்ததுண்டா? அவளுக்குத் தெரிந்த உடம்பு வீடு வந்துவிட்டது. ஆனால் அவளோடு வாழ்ந்த நினைவு அதில் இல்லை.

இரண்டாங்கட்டில் நான் பார்த்தது இதற்கு நேர் தலைகீழ். உடம்பு போய்விட்டது. நினைவு மட்டும் ஒன்றுவிடாமல் வந்துவிட்டது. பூர்வஜென்ம வாசனை என்பார்களே, அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சங்கடம் அந்த வாசனையால்தான் வந்தது.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. “தம்பி, கம்பெனிக்காரன் எழுதின மென்பொருளை நீ இப்படி உருவலாமா? திருட்டு இல்லையா?”

பையன் தயாராக இருந்தான். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 52-ம் பிரிவு. முறைப்படி கையில் இருக்கிற மென்பொருள் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது என்று அறிய அதைக் கவனிக்கலாம், ஆராயலாம், சோதிக்கலாம். 1999-ல் வந்த திருத்தம் அது. பிரதி எடுத்து விற்பது வேறு, புரிந்துகொள்ளத் திறப்பது வேறு.

திறந்து பார்த்ததால் நல்லது நடந்த கதையும் உண்டு. லிங்க்ஸிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலப் பெட்டி 2002 கடைசியில் சந்தைக்கு வந்தது. அடுத்த வருஷமே, உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் அது லினக்ஸில் ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சாதனத்தோடு கொடுத்தால் மூல நிரலையும் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கம்பெனி கொடுக்கவில்லை. கேள்வி எழுந்த பிறகு 2003-ல் வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் முளைத்ததுதான் ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’. உலகம் முழுக்க எத்தனையோ பழைய ரவுட்டர்களுக்கு மறுவாழ்வு கொடுத்த மென்பொருள். பொதுச் சொத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தவர்களின் கடமையை, பெட்டியைத் திறந்தவர்கள்தானே ஞாபகப்படுத்தினார்கள்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2016 அக்டோபர் 21 அன்று ‘மிராய்’ என்ற நச்சு நிரல் பிடித்து வைத்திருந்த கேமராக்களும் வீட்டு ரவுட்டர்களும் ஒன்றாகக் கிளம்பித் தாக்கியதில், ட்விட்டர் உள்பட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் படுத்துவிட்டன. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அந்த நிரலுக்கு வாசல். அதே 2016-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 23,000-க்கும் மேற்பட்ட ஃபர்ம்வேர்களைச் சேகரித்து, முடிந்தவற்றை இந்தப் பையன் செய்த மாதிரியே பொய்ப் பெட்டிக்குள் உயிர்ப்பித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கானவற்றில் ஓட்டை. பெட்டி பெட்டியாக வாங்கித்தான் சோதிக்க வேண்டும் என்றால் இது நடக்கிற காரியமா?

ஆக, திறப்பது தப்பில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் பையன் சிரித்தான். “சார், இங்கே பாருங்க. பாஸ்வேர்டை மூடாமலே வெச்சிருக்கு.”

பார்த்தேன். வைஃபையின் பெயர் ஒரு குழந்தையின் பெயர். பாஸ்வேர்டு அதே பெயரும் ஒரு தேதியும். பிறந்த நாளாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே, எந்தக் கருவிக்கு எத்தனை மணி வரை இன்டர்நெட் என்ற பட்டியல். ‘பாப்பா டேப்’, இரவு எட்டரை வரை. சனிக்கிழமை மட்டும் பத்து. ‘பாட்டி போன்’, கட்டுப்பாடு இல்லை.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு ரசிக்கத் தோன்றியது. முகம் தெரியாத ஒரு வீடு கண்முன் வந்து நின்றது. எட்டரைக்கு டேப் நின்றதும் அழுகிற குழந்தை, ‘இந்தா’ என்று தன் போனை நீட்டுகிற பாட்டி. அடுத்த நிமிஷமே உறைத்தது. பாட்டி, பாப்பா இருவருமே எனக்கு யாரோ. இந்த ஜன்னலில் எட்டிப் பார்க்க என்னை யார் கூப்பிட்டார்கள்?

பையன் இந்த டிஸ்க் இமேஜை அப்படியே வகுப்பு நண்பர்கள் ஆறு பேருக்கு அனுப்புவதாக இருந்தான். அவரவர் லேப்டாப்பில் ஓட்டிச் சோதிக்க வேண்டுமாம். ஒரு தடவை அனுப்பினால் அப்புறம் எத்தனை கூடு, எத்தனை பாய்ச்சல்!

காபி கொண்டுவந்த ஆச்சி, அதாவது பையனின் ஆயா, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். பையன் சொன்னான். ஆச்சிக்கு ஃபர்ம்வேர் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் இதைச் சொன்னார்:

“முப்பது வருஷத்துக்கு முன்னாடி பழைய மரப்பெட்டி ஒண்ணை வியாபாரிக்குப் போட்டேன். அடித்தட்டிலே எங்க ஆத்தா வெச்சிருந்த காகிதக் கட்டு இருந்தது எனக்கே தெரியாது. அப்பச்சி பினாங்கிலேருந்து ஆத்தாவுக்கு எழுதினது. மூணாம் நாள் அந்த ஆளு சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. ‘பெட்டிக்குத்தானே ஆச்சி காசு குடுத்தேன், இதுக்குக் குடுக்கலையே’ன்னு கட்டைக் கையிலே குடுத்தாரு. கயித்து முடிச்சு அவிழவே இல்லை. ஆத்தா போடுற முடிச்சு எனக்குத் தெரியாதா?”

பையன் பேசவில்லை. அவன் முடிச்சை அவிழ்த்துவிட்டான். நானும் கூட இருந்து படித்துவிட்டேன்.

நீங்கள் கேட்கலாம்: எல்லோரும் அந்த வியாபாரி மாதிரி இருந்துவிட்டால் வரலாறு மிஞ்சுமா? நியாயமான கேள்வி. நெற்குப்பையைப் போலவே செட்டிநாட்டு ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் தூக்கி எறிகிறவற்றைக்கூடச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கியது. காகிதம் பொடிந்துபோகும் முன் மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். அதுவும் ஒரு கூடு மாற்றம்தானே? அது இல்லாமல் தமிழ் அச்சு வரலாறு எழுத முடியுமா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணப் பத்திரிகை ஊருக்குக் கொடுக்க அச்சடித்தது. நாடக நோட்டீஸ் ஊரைக் கூப்பிட அச்சடித்தது. ‘பாப்பா டேப், எட்டரை மணி’ என்பது ஊருக்காக எழுதியதில்லை. ஒரே சிப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தாலும், ரவுட்டரின் நிரல் ஆயிரம் வீடுகளுக்குப் பொதுவானது. கடைசியில் இருந்த அந்தச் சின்னப் பகுதி ஒரே ஒரு வீட்டுக்குச் சொந்தமானது. முதலாவதைக் காப்பாற்றி வைக்கலாம், ஆராயலாம். இரண்டாவது, விலையில் சேராத காகிதக் கட்டு.

செத்துப்போனவர்களின் கடிதம் எத்தனை வருஷம் கழித்து வரலாறு ஆகிறது? இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் பாட்டியும் பாப்பாவும் இன்றைக்கு உயிரோடு, எங்கேயோ இருக்கிறார்கள். அங்கே எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சட்டம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாள்வதை அது கேட்பதில்லை. பார்த்துவிட்ட கண்ணை எந்தச் சட்டம் என்ன செய்யும்? பெரிய இடங்களிலும் இதே கதைதான். அதே 2023-ல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம், கம்பெனிகள் கழித்துப் போட்ட ரவுட்டர்கள் பதினெட்டை வாங்கிப் பார்த்தது. ஆராய முடிந்தவற்றில் பாதிக்கும் மேல் பழைய முதலாளிகளின் ரகசியங்கள் அழியாமல் இருந்தன.

“திருப்பிக் குடுத்துடு” என்றார் ஆச்சி.

யாரிடம் கொடுப்பது? அமைப்புகளில் இன்டர்நெட் கணக்கின் பெயராக ஒரு செல்போன் நம்பர் இருந்தது. கூப்பிடலாமா? ‘உங்கள் வீட்டு பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது’ என்று முன்பின் தெரியாத ஆண் குரல் சொன்னால் அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. புது ரவுட்டர் வாங்கினாலும் பழைய பாஸ்வேர்டையே வைக்கிறவர்கள்தானே நாமெல்லாம்!

“நான் பேசுறேன். பொம்பளைக் குரல்னா பயப்பட மாட்டாங்க” என்று ஆச்சியே போனை வாங்கிக்கொண்டார்.

மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார். “அம்மா, நான் நெற்குப்பையிலேருந்து பேசுறேன். உங்க வீட்டுப் பெட்டி ஒண்ணு எங்ககிட்ட…” என்று ஆச்சி ஆரம்பித்ததும், “எங்களுக்கு எதுவும் வேண்டாங்க” என்று பட்டென்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுகிற காலத்தில் அவர் செய்ததுதான் சரி. சைக்கிளில் வந்து வாசலில் நிற்க முடிந்த காலத்தில் திருப்பிக் கொடுப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

அன்று ராத்திரி மேளக்காரர்கள் வந்து இறங்கி, பந்தியில் இலை போட்ட பிறகும் பையன் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தேன். முதலில் இறக்கிய ஃபைலையும், அதிலிருந்து செய்த இமேஜையும் அழித்துவிட்டான். சிப்பில் அமைப்புகள் இருந்த பகுதியை வெறும் பூஜ்யங்களால் நிரப்பி, மறுபடி இறக்கி, மறுபடி பிரித்து, புதிதாக அடுக்கிக்கொண்டிருந்தான். போலிச் சிப்புக்கு இப்போது அவனே இட்டுக்கட்டிய பதில்கள். வைஃபை பெயர் ‘நெற்குப்பை’. “ஓட்டை அதே ஓட்டைதான் சார். அதைக் காட்டுறதுக்கு அவங்க பாஸ்வேர்டு எதுக்கு? என்னோட பொய்ப் பாஸ்வேர்டே போதும். முதல்லயே இது தோணலை” என்றான். ஒரு ராத்திரித் தூக்கம் போனதுதான் செலவு.

எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அந்தக் குழந்தையின் பெயரும் தேதியும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் மண்டையில் அந்தப் பகுதியைப் பூஜ்யத்தால் நிரப்ப ஒரு கருவியும் கிடையாது. யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். இந்தக் கட்டுரையிலும் சொல்லவில்லை. என்னால் போட முடிந்த முடிச்சு அவ்வளவுதான்.

பழைய ரவுட்டரை யாருக்காவது கொடுக்கிறீர்களா? பின்னால் ‘ரீசெட்’ என்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மின்சாரம் கொடுத்து, குண்டூசியால் பத்து விநாடி அழுத்திவிட்டுக் கொடுங்கள். பெட்டி செத்துவிட்டதென்றால் அது முடியாது. அப்போது புது ரவுட்டரில் பாஸ்வேர்டையாவது மாற்றிவிடுங்கள். அப்புறம், என்றைக்காவது பழைய பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக என் பழைய ரவுட்டரைத் தேடினேன். பரணில் இல்லை. வீட்டில் கேட்டால், இரண்டு வருஷத்துக்கு முன்பே பழைய பேப்பர்காரரிடம் போட்டாகிவிட்டதாம். நாற்பது ரூபாய் கொடுத்தாராம்.

பெட்டிக்குத்தான்.